வீச்சுக்காற்றில் கட்டமரன் எதிரேறவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பெயர் நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் கயிற்றால் பிணைத்த மரங்களுக்கும், இன்று கட்டமரன் என்று சொல்லப்படும் இரண்டு ஹல் (படகின் உடல்) பாய்ப்படகுக்கும் பெயரைத் தவிர அதிக உறவு இல்லை. இரண்டு ஹல் படகு அகலமானது, இலேசானது. ஹோபி 16 வகையை எடுத்தால் நீளம் சுமார் 5 மீற்றர், அகலம் 2.4 மீற்றர், எடை 145 கிலோ. அகலம் இருப்பதால் பாயின் இழுவையைத் தாங்கிக்கொண்டு ஓடும். எடை இல்லாததால் காற்று தொய்ந்த கணத்திலேயே வேகம் செத்துவிடும். எதிர்க்காற்றில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு குணத்துக்குள் அடங்கும். படகைக் கழற்றிப் பார்க்கப் போவதற்கு முன் கையையும் கண்ணையும் சரிபார்ப்பது நல்லது.

கொழும்பைச் சுற்றி இரண்டு விதமான தண்ணீர் இருக்கிறது. ஒன்று கல்கிசைப் பக்கக் கடல். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை காலையில் கரையிலிருந்து காற்று, மதியத்துக்குப் பின் கடலிலிருந்து காற்று. மற்றது மொறட்டுவைக்கு அருகில் உள்ள பொல்கொட ஏரி. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் கடலைக் கலக்கும் காலத்தில் பாய் கட்டுவதற்கு ஏரிதான் ஒதுக்கிடம். ஏரியில் அலை கிடையாது. ஆனால் காற்று தென்னைகளையும் வீடுகளையும் தாண்டி வருவதால் முழுசாக வராது, துண்டு துண்டாக வரும். கீழே சொல்பவை இரண்டுக்கும் பொருந்தும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறது.

சொற்கள்: காற்று வரும் பக்கம் காற்றுப் பக்கம், மறுபக்கம் ஒதுக்குப் பக்கம். ‘மேலே’ என்றால் காற்றை நோக்கி, ‘கீழே’ என்றால் காற்றிலிருந்து விலகி. அணியம் என்றால் முன்முனை. பெரிய பாய் மெயின், முன்பாய் ஜிப். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை மீன்பிடிப்பவர்கள் தாமான் என்பார்கள். பந்தயப் படகில் ஷீட் என்றே புழங்குவதால் இங்கும் ஷீட். ‘காற்று முன்னுக்கு வந்தது’ என்றால் அணியத்தை நோக்கி நகர்ந்து நம்மைக் கீழே தள்ளுகிறது. ‘பின்னுக்குப் போனது’ என்றால் இன்னும் மேலே ஏற இடம் கொடுக்கிறது.

வீச்சு வந்ததும் காற்றுப் பக்க ஹல் எகிறுகிறது

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், ஆகவே இதிலேயே கொஞ்ச நேரம் நிற்கலாம். காற்றின் வேகம் கூடும்போது பாயின் மேல் விழும் விசை அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 10 நொட் காற்று 14 ஆனால் விசை ஏறத்தாழ இரண்டு மடங்கு. கண்ணுக்குச் சின்ன வீச்சாகத் தெரிந்தது படகுக்குச் சின்னதாக இருக்காது.

காரணம் ஒன்று, ஷீட்டைக் க்ளீட்டில் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு) பூட்டிவிட்டு இருப்பது. எதிர்க்காற்றில் மெயின் ஷீட் கையில்தான் இருக்க வேண்டும். வீச்சுக்காற்றில் இதற்கு விலக்கு கிடையாது. ஜிப் ஷீட்டைப் பூட்டலாம், ஆனால் ஒரு இழுப்பில் விடுபடும்படி.

காரணம் இரண்டு, கயிற்றை விட்டதாக நினைத்து விடாமல் இருப்பது. மெயின் ஷீட் கப்பிகளில் ஆறு தடவை சுற்றி வந்தால், கையிலிருந்து 60 செ.மீ. கயிறு போனால்தான் மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் 10 செ.மீ. விலகும். பத்து செ.மீ. கயிற்றை நழுவவிட்டுவிட்டு ‘விட்டேன், ஆனாலும் எகிறியது’ என்பதில் அர்த்தமில்லை. நடுத்தர வீச்சுக்கு 40 முதல் 60 செ.மீ. கயிறு, கடும் வீச்சுக்கு ஒரு மீற்றருக்கு மேல். அதையும் ஒரே மூச்சில் விட வேண்டும், சிறிது சிறிதாக அல்ல.

காரணம் மூன்று, கீழே திருப்புவது. ஹல் எகிறும்போது பயத்தில் டில்லரைத் (சுக்கானைத் திருப்பும் பிடி) தன் பக்கம் இழுத்து அணியத்தைக் காற்றிலிருந்து விலக்குகிறார்கள். நெருக்கமாக இழுத்த பாயோடு கீழே திரும்பினால் பாய்க்கு இன்னும் நிறையக் காற்று கிடைக்கிறது, ஹல் இன்னும் மேலே போகிறது. எதிர்க்காற்றில் போகும்போது வீச்சு அடித்தால் பதில் மேலே, அதாவது காற்றை நோக்கி. அதுவும் மெதுவாக, 5 பாகை போதும்.

வரிசை இதுதான்:

1. துணையாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீச்சு வரும் இடத்தில் தண்ணீர் கறுத்து, சுருங்கிய தோல் மாதிரி வரும். அது அணியத்துக்கு வரும் முன் ‘வீச்சு… மூண்டு, ரெண்டு, ஒண்டு’ என்று எண்ணிச் சொன்னால் ஓட்டுபவர் பாயைப் பார்த்துக்கொண்டே தயாராகலாம்.
2. ‘ஒண்டு’ என்பதற்கும் வீச்சு தொடுவதற்கும் நடுவில் ஆட்கள் வெளியே சாய வேண்டும். வீச்சு அடித்த பிறகு சாய்வது பிந்தியது.
3. வீச்சு தொட்டதும் மெயின் ஷீட்டை விடுங்கள். ஹல் தண்ணீரைத் தொடும் உயரத்துக்கு வரும்வரை விட வேண்டும்.
4. படகு வேகம் எடுத்ததும் அணியத்தை 3 முதல் 5 பாகை மேலே கொண்டுபோங்கள்.
5. வேகம் கூடியதும் ஷீட்டைத் திரும்ப இழுங்கள். இந்தக் கடைசிப் படியை மறப்பவர்கள் நிறையப் பேர். விட்ட கயிற்றை இழுக்காமல் அடுத்த வீச்சுவரை தொங்கவிட்டு ஓட்டினால் ஒவ்வொரு வீச்சிலும் மேலே ஏறும் வாய்ப்பு வீணாகிறது.

ஹல் தண்ணீரிலிருந்து ஒரு சாண் மேலே நின்றால் போதும். அதற்கு மேல் போனால் அழகாக இருக்கும், படகு பக்கவாட்டில் வழுக்கும்.

வீச்சு ஓயாமல் வந்து கை சோர்ந்தால் படகின் அமைப்பை மாற்றுங்கள். முதலில் டவுன்ஹோலை (மெயினின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) முழுதாக இழுத்து, முன்விளிம்பின் சுருக்கங்களை எடுத்து, பாயைத் தட்டையாக்குங்கள். அதன் பிறகுதான் ட்ரவலர் (மெயின் ஷீட்டின் கீழ்க் கப்பியைப் படகின் குறுக்கே நகர்த்தும் வண்டி): நடுவிலிருந்து 15 செ.மீ. ஒதுக்குப் பக்கம், போதாவிட்டால் 30. முதலிலேயே ட்ரவலரை வெளியே விட்டுவிட்டு, ஏன் படகு மேலே ஏறவில்லை என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். அதற்கும் காரணம் அதுதான்.

அணியம் மேலே காட்டுகிறது, படகோ பக்கவாட்டில் போகிறது

பின்னால் திரும்பி நுரைத்தடத்தைப் பாருங்கள். அது நேர்பின்னால் இல்லாமல் காற்றுப் பக்கம் சரிந்து கிடந்தால் படகு வழுக்குகிறது. நேராக இருந்தால் படகு ஓடுகிறது, உங்களுக்குத்தான் பொறுமை இல்லை.

வழுக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் காற்றுக்கு மிக நெருக்கமாக ஓட்டுவது. ஒற்றை ஹல் பாய்ப்படகில் பழகியவர்கள் கட்டமரனையும் அதே கோணத்தில் காட்டப் பார்க்கிறார்கள். இது அப்படி ஏறாது. ஒரு டாக்குக்கும் (காற்றை ஒரு பக்கத்தில் வைத்து ஓடும் பாதை) மறு டாக்குக்கும் இடையில் 90 முதல் 100 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோபி 16 க்குக் கீழே இறக்கும் பலகை கிடையாது. ஒரு பக்கம் வளைந்த ஹல்தான் பலகையின் வேலையைச் செய்கிறது. தண்ணீர் வேகமாக ஓடினால்தான் அந்த வளைவுக்குப் பிடி கிடைக்கும். மெதுவாகப் போகும் படகுக்குப் பிடியே இல்லை.

திருத்தம்: 10 பாகை கீழே வாருங்கள். ஜிப்பை 5 செ.மீ. தளர்த்துங்கள். வேகம் ஏறும்வரை காத்திருங்கள். ஹல்லின் கீழே தண்ணீர் ஓடும் சத்தம் மாறும், அதை வைத்தே அறியலாம். அதன்பிறகு ஜிப் நூல்களை (காற்றோட்டம் காட்டப் பாயின் இரு பக்கமும் ஒட்டியவை) பார்த்து மெதுவாக மேலே ஏறுங்கள். காற்றுப் பக்க நூல் எழுந்து ஆடினால் அதிகம் ஏறிவிட்டீர்கள். ஒதுக்குப் பக்க நூல் சுருண்டால் கீழே அதிகம் வந்துவிட்டீர்கள், அல்லது ஜிப் அதிகம் இறுகியிருக்கிறது. வீச்சுக்காற்றில் காற்றுப் பக்க நூல் இடைக்கிடை துள்ளுவது பிழையில்லை, துள்ளிக்கொண்டே இருப்பதுதான் பிழை.

அப்படியும் வழுக்கினால்:

– ஜிப்பின் முன்விளிம்பைப் பாருங்கள். ஒதுக்குப் பக்கம் வில்போல் வளைந்து தொங்கினால் ஆஞ்சான் (பாயை ஏற்றும் கயிறு) தளர்ந்திருக்கிறது. இறுக்கிக் கட்டுங்கள். ஒதுக்குப் பக்கப் பக்கக்கம்பி (பாய்மரத்தைப் பக்கத்திலிருந்து தாங்கும் கம்பி) சற்றுத் தளர்வாகத் தெரிவது வழமை, அதைப் பார்த்துப் பயந்து இறுக்க வேண்டாம்.
– இறக்கும் பலகை உள்ள படகானால் அது அடிவரை இறங்கியதா என்று பாருங்கள்.
– பொல்கொடவில் சுக்கான் அலகில் களை சிக்கியிருக்கும். ஒரு கைப்பிடி ஆகாயத்தாமரை வேரே வேகத்தைக் குறைக்கப் போதும். ஒரு சுக்கானை உயர்த்தி இறக்குங்கள், பிறகு மற்றதை. இரண்டையும் ஒரே நேரத்தில் உயர்த்தாதீர்கள்.

காற்று தொய்ந்ததும் படகு செத்துவிடுகிறது, ட்ரபீஸில் (பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் தொங்கி வெளியே சாய்வது) நின்றவர் தண்ணீரில்

பொல்கொடவின் குணம் இது. மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம்வரை அதன் பின்னால் காற்று குழம்பியிருக்கும். 15 மீற்றர் தென்னைக்குப் பின்னால் 150 மீற்றர் என்று கணக்குப் போடுங்கள். கரையோரத்தில் தோப்பு இருந்தால் அதன் ஒதுக்கில் குறுக்கு வழி எடுக்க வேண்டாம். ஏரியின் நடுவில் சுற்றிப் போனாலும் அதுவே சீக்கிரம் சேர்க்கும்.

தொய்வு வரும்போது படகின் வேகம் ஓரிரு விநாடி மிச்சம் இருப்பதால், படகில் நிற்பவருக்குக் காற்று முன்னிருந்து வருவதுபோல் தெரியும். ஜிப் படபடக்கும். ஓட்டுபவர் அதைப் பார்த்து ஷீட்டை இறுக்குவார். வேகம் முழுவதும் போய்விடும். செய்ய வேண்டியது நேர்மாறு: முதலில் ஆட்கள் உள்ளே வரட்டும், பிறகு 5 பாகை கீழே திருப்பி, மெயின் ஷீட்டில் 30 செ.மீ. கயிறு விடுங்கள். பாயின் பின்விளிம்பு மேல்பகுதி சற்றுத் திறந்து, உச்சியில் உள்ள நாடா பின்னோக்கிப் பறக்க வேண்டும். அது பாயின் பின்னால் ஒளிந்துகொண்டால் இன்னும் விடுங்கள்.

ட்ரபீஸில் நிற்பவர் முழங்காலை எப்போதும் சற்று மடித்து வைத்திருந்தால் தொய்வு வந்ததும் உடலை உள்ளே இழுக்க முடியும். கால் நேராக விறைத்து நிற்பவர் தண்ணீரில் விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. தொய்வும் வீச்சும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் நாளில் ட்ரபீஸை விட்டு ட்ரம்போலினில் (இரண்டு ஹல்லுக்கும் நடுவில் கட்டிய தளம்) உட்கார்ந்து ஓட்டுவதே நல்லது.

காற்றுத் திசை மாறியதா, வெறும் தொய்வா?

இரண்டிலும் ஜிப் படபடக்கும். பிரித்தறியும் வழி எளிது. தொய்வென்றால் உங்கள் எடைக்கு எதிரே இருந்த இழுவை குறைந்திருக்கும், ஹல் இறங்கியிருக்கும். திசை மாற்றமென்றால் காற்று குறையாமலே அணியம் கீழே தள்ளப்படும். கடலில் ஓடும்போது தூரத்து அடையாளம் ஒன்றைப் பிடித்து வையுங்கள். கல்கிசையிலிருந்து வடக்கே பார்த்தால் தாமரைக் கோபுரம் தெரியும். பக்கக்கம்பிக்கும் கோபுரத்துக்கும் உள்ள இடைவெளி மாறுவதை வைத்தே எத்தனை பாகை தள்ளப்பட்டீர்கள் என்று ஊகிக்கலாம். கையை நீட்டி முட்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை.

மாற்றம் 10 பாகைக்கு மேல், அதுவும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் நீடித்தால் டாக் பண்ணுங்கள், அதாவது அணியத்தைக் காற்றைக் கடந்து மறு டாக்குக்குத் திருப்புங்கள். அதற்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். கட்டமரன் டாக்குக்கு விலை அதிகம். ஒவ்வொரு டாக்கிலும் பல படகு நீளம் இழக்கிறீர்கள்.

இன்னொன்று. வீச்சு விசிறிபோல விரிந்து இறங்கும். அதன் ஓரத்தில் நுழையும்போது காற்று முன்னுக்கு வந்ததுபோல் இருக்கும், நடுவைக் கடந்ததும் பின்னுக்குப் போகும். சின்ன வீச்சானால் நுழைந்து கடந்துவிடுங்கள். ஏரியின் பாதியை மறைக்கும் பெரிய வீச்சானால்தான் அதற்குள் டாக் பண்ணி அதிலேயே தங்குவது பயன்தரும்.

டாக் பாதியில் நின்று படகு பின்னால் போகிறது

இரண்டு ஹல் இருப்பதால் திருப்பம் இழுபடும். ஒரு ஹல் மற்றதைச் சுற்றி வர வேண்டும். இலேசான படகு, நடுவில் வேகம் தீர்ந்துபோகும்.

முதல் பிழை: வேகமில்லாமல் தொடங்குவது. தொய்வில் டாக் பண்ணாதீர்கள், வீச்சின் உச்சத்திலும் வேண்டாம். வீச்சு இறங்கத் தொடங்கி, படகு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நேரமே சரி. கடலில் அலைகளைப் பாருங்கள். இரண்டு மூன்று பெரிய அலை போன பின் ஒரு தட்டையான இடம் வரும், அங்கே திருப்புங்கள்.

இரண்டாவது பிழை: டில்லரைச் சடாரென்று தள்ளுவது. சுக்கான் முழுதாக வளைந்தால் அது திருப்பாது, தடுப்புப் பலகையாக நின்றுவிடும். மெதுவாகத் தொடங்கி, வளைவு கூடக் கூடத் தள்ளுங்கள்.

மூன்றாவது பிழை: ஜிப்பை முந்தி விடுவது. இதுதான் மிக அதிகமாக நடக்கிறது. காற்றை அணியம் கடந்த பின்னும் ஜிப் பழைய பக்கமே பூட்டி இருக்க வேண்டும். அதன் மேல் மறுபக்கக் காற்று விழுந்து அணியத்தைத் தள்ளித்தரும்.

சரியான வரிசை:

1. 3 பாகை கீழே வந்து வேகம் எடுங்கள். மெயின் ஷீட் முழு இறுக்கம்.
2. டில்லரை மெதுவாகத் தள்ளுங்கள். மெயின் இறுக்கமாகவே இருக்கட்டும், அதுதான் அணியத்தைக் காற்றுக்குள் கொண்டுபோகிறது.
3. அணியம் காற்றைத் தாண்டியதும் மெயின் ஷீட்டில் ஒரு மீற்றர் அளவு கயிறு விடுங்கள். விடாவிட்டால் படகு திரும்பக் காற்றுக்கே ஏறி நிற்கும்.
4. ஜிப் மறுபக்கம் வளைந்து தள்ளியதும் அதை மாற்றுங்கள். துணையாள் முதலில் கடந்து போக வேண்டும், ஓட்டுபவர் பிறகு.
5. புதிய பாதையில் 10 பாகை கீழே வைத்து ஓடவிட்டு, வேகம் வந்த பின் ஏறுங்கள்.
6. இலேசான காற்றானால் பேட்டன்கள் (பாய்க்குள் செருகிய சட்டங்கள்) பழைய பக்கமே வளைந்து நிற்கும். பூமை (மெயினின் அடிவிளிம்பில் உள்ள கம்பு) பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினால் மாறும்.

நின்றேவிட்டால் பதற வேண்டாம். மெயினை முற்றாக விடுங்கள். படகு பின்னால் நகரத் தொடங்கும். பின்னால் போகும் படகில் சுக்கான் மாறி வேலை செய்யும்: டில்லரை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கமே அணியம் திரும்பும். அணியம் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் டில்லரை வலப்பக்கம் தள்ளி, ஜிப்பை இடப்பக்கம் இழுத்துப் பிடியுங்கள். அணியம் விலகியதும் டில்லரை நேராக்கி, ஜிப்பை மாற்றி, கடைசியில் மெயினை இழுங்கள். முதலில் மெயினை இழுத்தால் திரும்பப் பழைய இடம்தான்.

ஒரு பக்கம் மிதவை கட்டிய ஒருவாப் படகில் போகும் நீர்கொழும்பு ஒருவாக்காரர்கள் இந்தத் தொல்லையையே ஒழித்துவிட்டார்கள். அந்தப் படகுக்கு முன்னும் பின்னும் ஒன்று. மிதவை எப்போதும் காற்றுப் பக்கம். திசை மாற்ற வேண்டுமென்றால் படகைத் திருப்புவதில்லை, பாயை மறுமுனைக்கு மாற்றிப் பின்முனையையே அணியமாக்கி விடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

சுக்கான் கை வலிக்கும்வரை கனக்கிறது

முதலில் அலகு முழுதாக இறங்கிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மணலில் இடித்து அரைகுறையாக மேலெழுந்த அலகு பின்னோக்கிச் சரிந்து, சுக்கானைப் பல மடங்கு கனக்க வைக்கும். பூட்டும் சத்தம் கேட்கும்வரை டில்லரை அமர்த்துங்கள். இரண்டும் பூட்டியிருந்தும் கனத்தால், மெயினை இறுக்கி ஜிப்பைத் தளரவிட்டு ஓட்டுகிறீர்களா? அப்படியானால் ஜிப்பை இழுங்கள். ட்ரவலரை 10 செ.மீ. விட்டுப் பாருங்கள். அதிலும் குறையாவிட்டால் பாய்மரம் பின்னால் அதிகம் சரிந்திருக்கிறது. கரைக்கு வந்து முன்கம்பியை அதன் தகட்டில் ஒரு துளை குறைத்து, பக்கக்கம்பிகளை ஒரு துளை கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு துளை, அதற்கு மேல் வேண்டாம். டில்லரை விட்டதும் படகு மெதுவாகக் காற்றை நோக்கித் தானே ஏற வேண்டும். அதற்கு மாறாகக் கீழே ஓடினால் கனத்ததைவிட ஆபத்து. ஆள் விழுந்தால் படகு நிற்காமல் போய்விடும்.

இரண்டு சுக்கான்களும் இணையாக இருக்கின்றனவா என்பதைக் கரையில் அளந்து பாருங்கள். முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரம் பின்விளிம்புகளுக்கு இடையிலானதைவிட 2 முதல் 3 மி.மீ. குறைவாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடுகின்றன என்று அர்த்தம்.

ஒரு டாக்கில் நன்றாக, மறு டாக்கில் மோசமாக

கடலில் இதைச் சொல்பவர்கள் முதலில் அலையைப் பார்க்க வேண்டும். மேற்குக் கரையில் பெருநீரலை தென்மேற்கிலிருந்து வருகிறது. மதியக் கடற்காற்று மேற்கு, வடமேற்குப் பக்கமிருந்து. ஆகவே காற்று வலப்பக்கத்தில் உள்ள டாக்கில் அணியம் அலையை நேருக்கு நேர் முட்டும், மறு டாக்கில் அலை பக்கவாட்டில் வரும். படகில் குறையில்லை. அலையை முட்டும் டாக்கில் 5 பாகை கீழே, மெயின் சற்றுத் தளர்வு, ஆட்கள் 30 செ.மீ. பின்னால்.

ஏரியிலும் அதே வித்தியாசம் இருந்தால் படகைப் பாருங்கள். ஜிப் ஷீட் ஓடும் கப்பிகள் இரண்டு பக்கமும் ஒரே துளையில் உள்ளனவா? பக்கக்கம்பிகள் ஒரே நீளமா? ஒரு ஹல்லுக்குள் தண்ணீர் ஏறியதா? பத்து லீற்றர் தண்ணீர் என்பது 10 கிலோ, அது அணியம் தாழ்ந்ததும் முன்னால் உருண்டு ஓடும். வடிகால் தக்கையின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

நூல்கள் சரி, வேகம் மட்டும் இல்லை

மெயின் பின்விளிம்பு உள்ளே மடிந்து இறுகியிருக்கும். உச்சியில் உள்ள நாடா பாதி நேரமாவது பறக்க வேண்டும். ஷீட்டில் 30 செ.மீ. கயிறு விட்டுப் பாருங்கள். பாய்மரம் காற்றுக்குச் சுழன்று முன்விளிம்போடு வரிசையாகியதா என்று கீழேயிருந்து மேலே பாருங்கள். ஜிப்பின் பின்விளிம்பிலிருந்து வரும் காற்று மெயினின் முன்பகுதியைத் தட்டிக் குழியாக்கினால் ஜிப்பைத் தளர்த்துங்கள்.

அணியம் தண்ணீருக்குள் குத்துகிறது

எதிர்க்காற்றில் இது குறைவு, ஆனாலும் சுருக்கமான அலையில் நடக்கும். எடை முன்னால் அதிகம். துணையாள் பக்கக்கம்பிக்குப் பின்னால் வரட்டும். ஒதுக்குப் பக்க அணியம் அமிழ்ந்தால் ஜிப்பை முதலில் விடுங்கள், மெயினை அல்ல. மூக்கைக் கீழே அழுத்துவது ஜிப்தான்.

கவிழ்ந்துவிட்டது

படகைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதைவிட்டு நீந்த வேண்டாம். இரண்டு ஷீட்டையும் க்ளீட்டிலிருந்து விடுவியுங்கள். ஒருவர் அணியத்தைப் பிடித்துத் தொங்கி அதைக் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். மற்றவர் நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்துக் கீழ் ஹல்லின் மேல் நின்று பின்னால் சாய வேண்டும். ஹோபி 16 க்கு இருவரும் சேர்ந்து சுமார் 130 கிலோவாவது இருப்பது நல்லது. பாய் தண்ணீரிலிருந்து பிரியும்வரை அசையாது, பொறுமை. எழும்போது கீழ் ஹல்லைக் கட்டிப்பிடியுங்கள். இல்லையேல் மறுபக்கம் உருண்டுவிடும்.

கடற்காற்று திடீரென்று கரைக்காற்றாகத் திரும்பிவிட்டது

மார்ச், ஏப்ரலிலும், திரும்ப ஒக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்தில் நிலப்பக்கம் இடிமேகம் கட்டும். மேகத்தின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று கடலை நோக்கிப் பாய்ந்து வரும். அதுவரை மேற்கிலிருந்து வந்த இலேசான கடற்காற்று நின்றுபோகும், சில நிமிடம் ஒன்றும் இருக்காது, பின் கரையிலிருந்து வீச்சு அடிக்கும். அப்போது கரை காற்றுக்கு எதிரே ஆகிவிடுகிறது. எதிரேறத் தெரியாதவர் ஆழ்கடல் பக்கம் தள்ளப்படுவார்.

அறிகுறிகள்: கடற்காற்று திடீரென ஓய்வது, கிழக்கே அடிவானம் கறுப்பது, குளிர்ச்சி, இடிமுழக்கம். முதலாவதே போதும், மற்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். கடற்காற்று மிச்சமிருக்கும்போதே கரைக்கு ஓடுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைக் கரைகளில் உயரமான கட்டடங்கள் உள்ளதால் அதற்கு நேரே உள்ள தண்ணீரில் கரைக்காற்று கட்டடங்களுக்கு இடையே கிழிந்து கிழிந்து வரும், அதை நம்பி நெருங்காதீர்கள்.

பிந்திவிட்டால்: டவுன்ஹோல் முழுதாக, ட்ரவலர் 30 செ.மீ. வெளியே, ஜிப்பைச் சுருட்டுங்கள் அல்லது இறக்குங்கள். மெயின் மட்டும் இருந்தால் டாக் சிரமம், ஆகவே நீளமான இரண்டே டாக்கில் கரை சேரப் பாருங்கள். காற்று 20 நொட்டுக்கு மேல் போனால், அதாவது எங்கும் வெள்ளை நுரை தெரிந்தால், மெயினையும் தளரவிட்டுத் தலையைக் காற்றுக்குக் காட்டி வீச்சு ஓயும்வரை நிற்பதே சரி. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வேகம் குறையும். மின்னல் இருந்தால் பாய்மரத்தையும் கம்பிகளையும் தொடாமல் ட்ரம்போலின் நடுவில் உட்காருங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவிப்பைக் காலையில் ஒருமுறை, புறப்படும் முன் ஒருமுறை பாருங்கள். கரையில் படகைத் தள்ளும்போது பாய்மரத்தின் மேலே மின்கம்பி ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பதும் அதே நேரத்துக்கான வேலைதான்.